மிஸ் ஐவிக்கு ஒரு கல்வெட்டு

1

மிஸ் ஐவி காலமாகி வருகிற வியாழக்கிழமையுடன் ஒரு வருடமாகிறது. லண்டனின் மிச்சம் பகுதியில் அவர் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கிய மைதானத்துக்கு அவருடைய பெயரை வைக்கப் போகிறார்கள். அழைப்பிதழ் அடிக்கிற வேலை டூட்டிங்கில் இருக்கும் என் அச்சுக்கடைக்கு வந்தது. கலியாணக் கார்டு, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீட்டுக் கார்டு, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் ஆட்களின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுகிற சின்னக் கடை. கவுன்சில் வேலை எப்போதாவதுதான் வரும். வந்தால் ஒரு மின்னஞ்சலுக்கு ஐந்து பேர் பதில் போடுவார்கள். ஐந்து பேரும் ஐந்து விதமான நீலம் கேட்பார்கள்.

இந்த முறை நீலத்தில் பிரச்சினை இல்லை. மைதான வாசலில் பதிக்கப்போகும் பலகையின் வாசகத்தை அழைப்பிதழிலும் போடச் சொல்லியிருந்தார்கள். முன்னோடி ஓட்ட வீராங்கனையாம். எல்லோராலும் நேசிக்கப்பட்ட சமூகத் தொண்டராம். அவ்வளவுதான். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோராலும் நேசிக்கப்பட்டவரா? அந்த மனுசி ஒலிபெருக்கியோடு வருகிறார் என்று தெரிந்தாலே கதவைப் பூட்டச் சொன்ன ஆட்களை எனக்குத் தெரியும். அவர் எதற்காகச் சண்டை பிடித்தார், யாரோடு பிடித்தார் என்று ஒரு சொல் இல்லை. யாரோ கேக் சுட்டு விற்றுத் தேவாலயத்துக்குக் கூரை போட்ட அம்மாவைப் பற்றி எழுதியது மாதிரி இருந்தது.

இரண்டு வரி கூட்டிப் போடலாமா என்று கேட்டு எழுதினேன். வாசகம் கலந்தாலோசனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, உங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. இந்த நாட்டில் ‘உங்கள் அக்கறைக்கு நன்றி’ என்றால் வாயை மூடு என்று அர்த்தம். இங்கே வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அதுதான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். பலகையில் அவர்கள் எதையாவது எழுதட்டும். மிஸ் ஐவிக்கு நான் ஒரு கல்வெட்டு அடிப்பேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு மிஸ் ஐவியைத் தெரிய நியாயமில்லை. கரீபியன் தீவு ஒன்றிலிருந்து ஏழு வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்தவர். தகப்பனுக்கு பஸ் டிப்போவில் வேலை, தாய்க்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. இவருக்கு இருநூறு மீற்றர் ஓட்டம். இந்தப் பகுதியிலிருந்து போய் நாட்டின் சட்டையைப் போட்டு ஓடிய முதல் கறுப்புப் பெண் இவர்தான். வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போன இடத்தில் விடுதிக்காரி இவருக்கு மட்டும் அறை இல்லை என்றிருக்கிறாள். மற்றப் பெண்கள் கட்டிலில் படுக்க, இவர் பஸ்ஸின் பின் இருக்கையில் கோட்டைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் ஓடி முதலாவதாக வந்தார்.

“அந்தப் பொம்பிளை என்னை ஒரு தேத்தண்ணிக்குக்கூடக் கேக்கேல்லை, செல்வா. ஆனா பேப்பரிலை என்ர படம் வந்த உடனை, ‘எங்கட விடுதியிலை தங்கினவ’ எண்டு வெட்டி ஒட்டி வச்சிருந்தவளாம்,” என்று சொல்லிச் சிரிப்பார். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் முப்பது வருடமாக என் காதில் எங்கள் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஓட்டத்தில் உச்சத்தில் இருந்த நேரத்தில் தென்னாபிரிக்காவில் ஓட வரும்படி ஓர் அழைப்பு வந்தது. அங்கே நிறவெறி ஆட்சி நடந்த காலம். போனால் நல்ல பணம், பெரிய பெயர். “என்ர ஆக்கள் பக்கத்திலை இருந்து பாக்க ஏலாத மைதானத்திலை நான் ஓடமாட்டன்” என்று பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார். அடுத்த பருவத்துக்குத் தெரிவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் எவரும் சொல்லவில்லை. இருபத்தாறு வயதில் ஓட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அவர் செய்தது வேறு வேலை. பள்ளிக்கூடத்தால் துரத்தப்பட்ட பிள்ளைகள், சுவரில் பூஞ்சணம் பிடித்த வீடுகளில் இருந்த தாய்மார், நாடு கடத்தப்பட இருந்தவர்கள் என்று ஆள் மாற்றி ஆளுக்காக அலைந்தார். சனிக்கிழமை காலைகளில் மட்டும் மைதானம், பிள்ளைகள், விசில்.

நான் அவரைச் சந்தித்தது தடுப்பு முகாமில். என் அகதி வழக்கு தோற்று, திருப்பி அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். முகாமின் தொலைபேசிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ பேனையால் ஒரு நம்பரை எழுதி, அதன் கீழே ‘ஐவி, எந்த நேரமும்’ என்று எழுதியிருந்தார்கள். எடுத்தேன். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலத்தில் “ஐவி, ஹெல்ப்” என்பதற்கு மேல் வரவில்லை. அடுத்த நாள் வந்து நின்றார்.

சட்டத்தரணி பிடித்து, ஆட்கள் சேர்த்து, என்னை வெளியில் எடுத்தார். ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து வைக்கப் போனவர்களை அப்படியே பிடித்து விமானத்தில் ஏற்றுவதும் உண்டு. மிஸ் ஐவி ஒவ்வொரு முறையும் கூட வந்தார். ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னைத் தனியாக உள்ளே வரச் சொன்னார். மிஸ் ஐவி கைப்பையைத் திறந்து, தன் பழைய மெடலை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார்.

“நான் ஓடினதுக்கு இந்த நாடு எனக்கு இதைத் தந்தது,” என்றார். “இவனும் உயிருக்குப் பயந்து ஓடித்தான் வந்தவன். இவனுக்கு ஏன் ஜெயில்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ, நான் இஞ்சையே நிக்கிறன்.”

அதிகாரி மெடலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், படிவத்தில் முத்திரை குத்தி நீட்டினார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்து நான் விக்கி விக்கி அழுதேன். அவர் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தந்தார். என்னைப் போல குகனையும் இன்னும் இரண்டு பேரையும் அவர்தான் மீட்டார். “என்ர தமிழ்ப் பொடியள்” என்று எல்லோருக்கும் எங்களைக் காட்டுவார். அப்போதே எங்களில் இருவருக்குத் தலை வழுக்கை.

3

தமிழகத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தாரிடம் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில், வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். அதில் ஒரு படம், பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவளி. பிறகு புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று உறவு முறைக்கு ஒரு பாட்டு. கடைசியில் நன்றி நவிலல். லண்டனிலும் இதை நாங்கள் விடவில்லை. என் கணினியில் பன்னிரண்டு புலம்பல் ஆயத்தமாகக் கிடக்கிறது. பெயரை மாற்றினால் போதும். மாமியார் இருக்கும்வரை முகம் கொடுத்துப் பேசாத மருமகள்களுக்கெல்லாம் நான் கண்ணீர் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மிஸ் ஐவிக்கு என்று உட்கார்ந்தபோது அந்தப் பன்னிரண்டில் ஒன்றும் பொருந்தவில்லை. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. இப்போது மிஞ்சியிருக்கிற ஒரே உறவு தங்கையின் மகள் கிளாடெட். மக்கள் புலம்பலில் எங்கள் நாலு பேரின் பெயரையும் போடுவோம் என்று நினைத்தேன். நினைத்தபோதே நெஞ்சுக்குள் ஏதோ முள் மாதிரிக் குத்தியது. கவனிக்காதது மாதிரி வேலையைத் தொடர்ந்தேன்.

வாழ்க்கை வரலாற்றை ஏழு பக்கம் எழுதினேன். விடுதிக்காரி, தென்னாபிரிக்கா, மெடல் எல்லாம் எழுதினேன். பலகைக்காரர் விட்டதையெல்லாம் நான் எழுதிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. கிளாடெட்டும் மைதானத்துக்கு வருகிறவர்களும் வாசிக்க ஆங்கிலமும் வேண்டும். என் ஆங்கிலம் விலைப்பட்டியலுக்குத்தான் சரி. மகள் யாழினியைக் கேட்டேன்.

யாழினிக்கு இருபத்தாறு வயது. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் சிநேகிதிகளோடு இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தாயின் சோற்றைச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவாள். எனக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் இல்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர, தானாக ஒன்றும் சொல்லமாட்டாள். பதினாலு வயதிலிருந்து அப்படித்தான். இங்கே வளர்கிற பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன்.

சின்ன வயதில் அவளும் மிஸ் ஐவியை ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு அவரிடம் ஓட்டம் பழகியவள். நன்றாக ஓடுவாள். திடீரென்று ஒருநாள் விட்டுவிட்டாள். சோதனை வருகிறது, படிக்க வேண்டும் என்றாள். எங்கள் ஆட்களில் எந்தத் தகப்பன் அதைக் கேட்டுக் கவலைப்படுவான்? எனக்குச் சந்தோசம்.

4

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் வாசிப்பாள், எழுத்துக் கூட்டி. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

“அப்பா, வெயிட். ஜெரோம் எங்க?” என்றாள்.

ஜெரோம் கிளாடெட்டின் தம்பி. மிஸ் ஐவி தன் பிள்ளை மாதிரி வளர்த்தவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன், இருபத்துமூன்று வயதில், ஒரு கடைத்தொகுதியில் களவெடுத்தான் என்று காவலாளிகள் நிலத்தில் அமுக்கிப் பிடித்ததில் மூச்சு நின்று செத்துப்போனான். அவன் பையில் இருந்தது அவன் காசு கொடுத்து வாங்கிய ஒரு சோடிச் சப்பாத்து.

“கல்வெட்டிலை அப்பிடியான விசயங்கள் போடுறேல்லை, பிள்ளை,” என்றேன். “நல்லதைத்தான் போடுறது.”

“ஆன்ட்டி அதுக்குப் பிறகு டென் இயேர்ஸ் வேற ஒண்டும் செய்யேல்லை. இன்க்வெஸ்ட், கோர்ட், மார்ச். அதுதான் அவவின்ர லைஃப். நீங்கள் அதை அப்படியே வெட்டிட்டீங்கள். கவுன்சிலுக்கும் உங்களுக்கும் என்ன டிஃபரன்ஸ்?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்ததைக் கேட்டாள்.

“அந்தச் சட்டர்டே நீங்கள் ஏன் போகேல்லை?”

இனி நான் எழுதுவது எழுத விருப்பமில்லாத பகுதி. ஜெரோம் செத்து இரண்டாம் கிழமை மிஸ் ஐவி கடைக்கு போன் எடுத்தார். சனிக்கிழமை மைதானத்திலிருந்து நீதி கேட்டு நடக்கப் போகிறோம், பொடியளைக் கூட்டிக்கொண்டு வா, செல்வா என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு உதவி. ஓம், வாறன் என்றேன்.

அன்று பின்னேரம் நாங்கள் நாலு பேரும் என் கடைக்குப் பின்னால் கூடினோம். எனக்கும் குகனுக்கும் குடியுரிமை விண்ணப்பம் உள்ளே கிடந்தது. அந்தப் படிவத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி உண்டு. ஊர்வலத்தில் படம் எடுப்பார்கள், பெயர் எழுதுவார்கள், இவ்வளவு காலமும் பட்ட பாடு பாழாகிவிடும் என்று பயந்தோம். பயம் உண்மையான பயம்தான். அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வலிக்காது. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை.

“இது கறுவல்களின்ர பிரச்சினை. நாங்கள் ஏன் போய்த் தலையைக் குடுப்பான்?” என்று சொன்னது குகன் இல்லை. மற்ற இருவரும் இல்லை. நான்.

கறுவல் என்பது எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் கறுப்பினத்தவரைச் சொல்கிற சொல். சொன்னவனின் நிறத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த மனுசி தன் மெடலை எனக்காகக் கண்ணாடிக்கு முன் வைத்தபோது இது யாருடைய பிரச்சினை என்று கேட்கவில்லை.

எங்களுக்குள் கலியாணத்துக்கு வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போகமாட்டோம், கோபித்துக்கொள்வோம். செத்தவீட்டுக்கு எவரும் சொல்வதில்லை. கேள்விப்பட்டால் போவதுதான். பத்து வருடம் கதைபேச்சில்லாதவனும் வந்து வாசலில் நிற்பான். அப்படி வளர்ந்த நாங்கள், கேட்டும் போகவில்லை. நான் ஒரு பூவளையம் அனுப்பினேன். அதற்கு ரிபன் என் கடையிலேயே அடித்தது.

அதையெல்லாம் யாழினிக்குச் சொன்னேன். கறுவல் என்று சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு டிரெய்னிங் கேன்சல் எண்டு சொன்னீங்கள்,” என்றாள்.

ஓம். அதையும் செய்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் டிராக்சூட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட, இன்றைக்குப் பழக்கம் இல்லையாம் என்று பொய் சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டேன்.

“ஆன்ட்டியின்ர கிட்ஸ் எல்லாரும் டிராக்சூட்டோட ஜெரோமின்ர அம்மாவுக்குப் பின்னால நடந்தவை. மண்டே ஸ்கூலில எல்லாரும் என்னட்டக் கேட்டவை, வேர் வேர் யூ எண்டு. நான் என்ன சொல்ல? பிறகு எனக்கு அந்த கிரவுண்டுக்குப் போக ஏலாமப் போச்சு, அப்பா. எக்ஸாம் ஒண்டும் இல்லை.”

பன்னிரண்டு வருடம் அவள் இதை என்னிடம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள். நான் அவளுடைய பேசாத்தனத்துக்கு லண்டனைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

5

மக்கள் புலம்பலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஜெரோமைப் பற்றி இரண்டு பக்கமும், நாங்கள் வராமல் விட்டதைப் பற்றி ஒரு பக்கமும் எழுதினேன். பாட்டு இல்லை, வெறும் வசனம். நான் சொன்ன சொல்லையும் போட்டேன். யாழினி ஒரு வார்த்தையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள்.

குகனுக்கு அனுப்பினேன். இப்போது அவனுக்கு மூன்று கடை. உடனே போன் வந்தது.

“அண்ணை, உங்களுக்கு விசரே? செத்த ஆளின்ர புத்தகத்திலை எங்கட மானத்தை ஏன் வாங்கிறியள்?”

“உன்ர பேர் இல்லையடா. நாலு பேர் எண்டுதான் போட்டிருக்கிறன்.”

“அந்த நாலு பேர் ஆர் எண்டு லண்டன் முழுக்கத் தெரியும். பெரிய மனுசி ஒருநாள்கூட எங்களை ஏன் வரேல்லை எண்டு கேக்கேல்லை. நீங்கள் ஏன் கிண்டுறியள்?”

அவன் சொன்னது உண்மை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் மிஸ் ஐவி என் கடைக்குத்தான் துண்டுப்பிரசுரம் அடிக்க வந்தார். காசு வேண்டாம் என்றால் மேசையில் வைத்துவிட்டுப் போவார். யாழினி எப்படி, ஏன் ஓட வருவதில்லை என்று கேட்பார். படிக்கிறாள் என்பேன். நல்லது, படிக்கட்டும் என்பார். ஒரு தடவையாவது ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் ஏசவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அப்படியே ஒருநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

“அவ கேக்காததாலைதான் எழுதிறன்,” என்று குகனிடம் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

நூறு பிரதி அடித்துக் கட்டினேன். நேற்று சனிக்கிழமை மத்தியானம், முதல் பிரதியைக் கிளாடெட்டின் வீட்டுக்குக் கொண்டு போனேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் நூறையும் வெட்டு இயந்திரத்தில் போட்டுவிடுவது என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். குசினியில் நின்றபடியே அவள் ஆங்கிலப் பக்கங்களை வாசித்தாள். நான் சொன்ன சொல் வரும் இடத்தில் அவள் கண் நின்றது. பிறகு அடுத்த வரிக்கு இறங்கியது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

“நீங்கள் நாலு பேரும் வருவியள் எண்டு ஆன்ட்டி எல்லாருக்கும் சொன்னவ,” என்றாள். அவளுடைய ஆங்கிலமும் எனக்குள் எங்கள் தமிழாகத்தான் இறங்கியது. “பதினொரு மணிக்குத் துவங்க இருந்தது. அவ விடேல்லை. ‘கொஞ்சம் பொறுங்கோ, என்ர தமிழ்ப் பொடியள் வந்துகொண்டிருப்பாங்கள்’ எண்டு ரோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவ. அம்மா தம்பியின்ர படத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அரை மணித்தியாலம் நிண்டம்.”

பிறகு அவ என்ன சொன்னவ என்று கேட்டேன்.

“‘அவங்களுக்குப் பேப்பரிலை ஏதும் சிக்கலாயிருக்கும், பாவங்கள். வாங்கோ நடப்பம்’ எண்டு சொன்னவ.”

புத்தகம் இருக்கட்டும், வியாழக்கிழமை எல்லோருக்கும் கொடுங்கள் என்று கிளாடெட் சொன்னாள். அந்த அரை மணித்தியாலம் அதில் இல்லை. அடித்து முடிந்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் யாழினிக்கு போன் எடுத்தேன். ரோட்டில் நின்றபடி கிளாடெட் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

“எங்கட வீட்டிலிருந்து கிரவுண்டுக்கு எவ்வளவு நேரம், அப்பா?” என்று கேட்டாள்.

நடந்தால் பதினைந்து நிமிடம் என்றேன்.

“நான் ஓடிப் போயிருப்பன்,” என்றாள்.